கவுண்டர்ல தமிழ்ல உதவி கிடைக்கணுமா? ஊர்க்காரங்க சேர்ந்து செய்ய வேண்டியது

மலேசியாவுல சுங்கை சிப்புட், பாகான் செராய், பகாவ், கோல கெட்டில், லாபிஸ்னு தோட்டத்த ஒட்டி வளர்ந்த பட்டணங்கள்ல இருக்கறவங்களுக்காகத்தான் இத எழுதறேன். நானும் பேராக்குல அப்படி ஒரு ஊர்க்காரன்தான். கோயில் கமிட்டி, தமிழ்ப்பள்ளி பெற்றோர் சங்கம், இளைஞர் மன்றம்னு அங்கங்க இருக்கற நாங்க கொஞ்ச பேரு வயசானவங்களுக்குத் துணையா ஆபிஸ் ஆபிஸா போயிட்டு வர்றோம். துணைக்குப் போறது நல்ல காரியம்தான், ஆனா அதோட நின்னுட்டா பத்தாது. இன்னைக்கு நான் கூட போறேன், நாளைக்கு எனக்கு வேலை இருந்தா அந்தப் பாட்டி யார் கூட போகும்? ஆபிஸ்லயே ஒரு ஏற்பாடு இருக்கணும், யாரு தனியா போனாலும் அது கிடைக்கணும். அத எப்படி கேட்டு வாங்கறதுன்னுதான் சொல்லப் போறேன்.

முதல்ல பிரச்சனை எதுன்னு நமக்கே தெளிவா தெரியணும். நம்ம அம்மா பாட்டிங்களுக்கு மலாய் தெரியாதுன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, நம்பவும் கூடாது. பசார்ல பேரம் பேசி மீன் வாங்கறாங்க, பக்கத்து வீட்டு மக்சிக்கோட (மலாய்க்கார அம்மாவோட) மணிக்கணக்கா கதை பேசறாங்க. ஆனா தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல நாலாவதோ ஆறாவதோ தமிழ்ல படிச்சிட்டு நேரா ரப்பர் பால் வெட்டப் போனவங்களுக்கு ஆபிஸ் சூராட்ல, அதாவது கடிதத்துல, வர்ற மலாய் வேற ஒரு மலாய். கவுண்டர்ல இருக்கற அதிகாரி பேசப் பேச இவங்க "யா, யா"ன்னு தலையாட்டறாங்க, அவரும் புரிஞ்சிடுச்சுன்னு நினைச்சுட்டு அடுத்த நம்பர கூப்பிட்டுடறாரு. அவர் மேல கோபப்பட இதுல ஒண்ணும் இல்ல, அவர் கண்ணுக்கு அந்தம்மா நல்லாத்தானே மலாய் பேசறாங்க. அதனால நீங்க போய் "எங்க ஆளுங்களுக்கு மலாய் தெரியாது"ன்னு ஆரம்பிச்சா பேச்சு அங்கயே கெட்டுடும். "பேசத் தெரியும், ஆபிஸ் மலாய் படிச்சுப் புரிஞ்சுக்கக் கஷ்டம், கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி தமிழ்ல ஒரு தடவை விளக்கம் வேணும்"னு சொல்லுங்க. உண்மையும் அதுதான், கேக்கறவரும் காது குடுப்பாரு.

சரி, சட்டம் நம்ம பக்கம் இருக்கான்னு நிறைய பேரு கேக்கறாங்க. கூட்டிச் சொல்லாம உள்ளத உள்ளபடியே சொல்றேன். அரசமைப்புச் சட்டம் 152வது பிரிவு மலாய்தான் தேசிய மொழின்னு சொல்லுது, அரசாங்க வேலை அந்த மொழியிலதான். அதே பிரிவு, அரசாங்க வேலை தவிர மத்ததுக்கு வேற மொழிய பயன்படுத்தறதையோ படிக்கறதையோ சொல்லித் தர்றதையோ யாரும் தடுக்கக் கூடாதுன்னும் சொல்லுது. அடுத்து தேசிய மொழிச் சட்டம் 1963/67. இதோட 3வது செக்ஷன்படி பொது நலனுக்குத் தேவைன்னா மத்திய அரசாங்கமோ மாநில அரசாங்கமோ அதிகாரபூர்வ பத்திரங்களையும் அறிவிப்புகளையும் மத்த சமூகத்தோட மொழியில மொழிபெயர்த்துப் பயன்படுத்தலாம். "பயன்படுத்தலாம்"தான், "கட்டாயம் செய்யணும்" இல்ல. அதனால சாதாரண கவுண்டர்ல சட்டத்த தூக்கிக் காட்டி மிரட்ட முடியாது, ஆனா "இது சட்டத்துக்கு விரோதம், எங்களால செய்ய முடியாது"ன்னு யாராவது சொன்னா இந்த 3வது செக்ஷன மரியாதையா எடுத்துக் காட்டலாம். லெட்டர்ல ஒரே ஒரு வரி போதும், நாலு வரி எழுதாதீங்க.

ஆனா கட்டாயமா கிடைக்க வேண்டிய இடமும் இருக்கு, அது கோர்ட்டும் போலீஸ் ஸ்டேஷனும். அத கீழ தனியா சொல்றேன், ஏன்னா அங்க நம்ம ஆளுங்க வெக்கத்துலயும் பயத்துலயும் விட்டுக் குடுக்கறதுதான் அதிகம்.

ஒரே ஒரு இடத்த புடிங்க

ஆரம்பிக்கும்போது எல்லா ஆபிஸையும் மாத்தணும்னு கிளம்பினீங்கன்னா ஒரு மாசத்துல குரூப் கலைஞ்சிடும். ஊர்ல எந்த இடத்துல நம்ம ஆளுங்க அதிகமா திணறுறாங்கன்னு பாத்து அந்த ஒரு இடத்த எடுத்துக்கோங்க, அது ஆஸ்பித்திரியோட மருந்து கொடுக்கற கவுண்டரா இருக்கலாம், ஜேபிஎன்னு சொல்ற தேசியப் பதிவு இலாகா கவுண்டரா இருக்கலாம், தொழிலாளர் காப்புறுதி பாக்கற பெர்கேசோவா இருக்கலாம். எதுன்னு நீங்களா உக்காந்து முடிவு பண்ணாதீங்க. வெள்ளிக்கிழமை கோயில்ல சாமி கும்பிட வர்ற அம்மாங்ககிட்ட கேளுங்க, பள்ளிக்கூடத்துல ரிப்போர்ட் கார்ட் வாங்க வர்ற பெற்றோர்கிட்ட கேளுங்க, தோட்டத்து லயத்துல (தொழிலாளர் வீட்டு வரிசையில) இன்னும் இருக்கற குடும்பங்களுக்கு நேர்ல போய் கேளுங்க, ஏன்னா உண்மையான பிரச்சனை உள்ளவங்க கூட்டத்துக்கெல்லாம் வரவே மாட்டாங்க.

கேட்டத ஒரு நோட்டுல எழுதணும். என்ன தேதி, எந்த ஆபிஸ், எந்த கவுண்டர், எதுக்காகப் போனாங்க, என்ன சொன்னாங்க, இவங்களுக்கு என்ன புரிஞ்சிச்சு, யாரு மொழிபெயர்த்தா, கடைசியில என்ன நஷ்டம். இந்த நஷ்டம்தான் ரொம்ப முக்கியம். "மரியாதையா பேசல"ன்னு எழுதினா அது வெறும் வருத்தமா போயிடும், "கொண்டு வர வேண்டிய பத்திரம் எதுன்னு புரியாம மூணு தடவை பஸ் ஏறி வந்தாங்க, மூணு நாள் சம்பளம் போச்சு"ன்னு எழுதினா அதிகாரியே யோசிப்பாரு, ஏன்னா அந்த மூணு தடவையும் அவரோட கவுண்டர் நேரமும் வீணாப் போயிருக்கு. ஆனா ஐசி (அடையாள அட்டை) நம்பர் எழுதாதீங்க, ஐசிய போட்டோ புடிச்சு வாட்ஸ்அப் குரூப்ல போடாதீங்க, வியாதி பேர எல்லாம் ஊரு முழுக்கத் தெரியற மாதிரி எழுதி வெக்காதீங்க. பேரே வேணாம், "62 வயசு அம்மா, தோட்டத்துல இருந்து ஓய்வு பெற்றவங்க"ன்னா போதும்.

ஆள் சேக்கறப்போ பேச்சாளர்கள தேடாதீங்க. ஓய்வு பெற்ற மிஸ்ஸி (நர்ஸ்) ஒருத்தர், பழைய ஆபிஸ் கிராணி (குமாஸ்தா) ஒருத்தர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருத்தர், யுனிவர்சிட்டியில படிக்கற பிள்ளைங்க ரெண்டு பேரு. அந்த கிராணிதான் தங்கம், எந்த லெட்டர் எந்த மேசைக்குப் போகும், எங்க தேங்கி நிக்கும்னு அவருக்குத்தான் தெரியும்.

என்ன கேக்கணும்

"எல்லா பாரத்தையும் தமிழ்ல குடுங்க"ன்னு கேட்டா அது நடக்காது, அந்த மாவட்ட அதிகாரிக்கு அப்படி ஒரு அதிகாரமே இருக்காது, பாரம் எல்லாம் மேல புத்ராஜெயாவுல இருந்து வர்றது. பாரத்த மலாய்லதான் பூர்த்தி பண்ணணும், சரி. ஆனா அந்த ஆபிஸ் தலைவரே கையெழுத்துப் போட்டு செய்யக்கூடியது நிறைய இருக்கு. தமிழ் பேசற ஊழியர் யாரு யாரு இருக்காங்கன்னு ஒரு பட்டியல், அவங்க எந்த நேரத்துல இருப்பாங்கன்னு கவுண்டர்ல ஒரு அறிவிப்பு. தமிழ் ஊழியரே இல்லாத இடத்துல வாரத்துக்கு ஒரு காலையில நம்ம தொண்டர் ஒருத்தர் உக்கார ஒரு மேசை. ஆள் இல்லாத நாள்ல போன்ல விளக்கிச் சொல்ல ஒரு ஏற்பாடு. அப்புறம், என்னைக் கேட்டா எல்லாத்துக்கும் மேல, "வரும்போது என்னென்ன கொண்டு வரணும்"னு ஒரு பக்கத்துல ஒரு தாள்.

இந்த ஒரு தாள் பெரிய பெரிய கூட்டத்தெல்லாம் விட அதிகமா வேலை செய்யும்னு நான் உறுதியா நம்பறேன். நம்ம ஆளுங்க திரும்பத் திரும்ப அலையறதுல பெரும்பாதி பத்திரம் குறையறதாலதான். ஒரு வேலைக்கு ஒரு தாள், பெரிய எழுத்து, பேச்சுத் தமிழ்ல சின்னச் சின்ன வரி, ஒவ்வொரு பத்திரத்துக்கும் பக்கத்துல கவுண்டர்ல அவங்க சொல்ற மலாய் பேரு, அப்பத்தான் பாட்டி விரலால தொட்டுக் காட்ட முடியும், அதிகாரியும் புரிஞ்சுக்க முடியும். போன்ல இருக்கற மொழிபெயர்ப்ப அப்படியே போட்டு அடிச்சிடாதீங்க, எழுதினத அந்த ஆபிஸ்லயே குடுத்து சரி பாக்கச் சொல்லுங்க, சரின்னு அவங்க ஒத்துக்கிட்ட தேதிய தாளோட அடியில போடுங்க. அப்புறம் அச்சடிக்கறதுக்கு முன்னாடி படிப்பு குறைவான ரெண்டு மூணு பேருகிட்ட குடுத்து "இத படிச்சிட்டு என்ன எடுத்துட்டுப் போவீங்க"ன்னு கேளுங்க. எங்க தடுமாறுறாங்களோ அந்த வரிய மாத்துங்க. படிக்கவே வராதவங்களுக்கு அதையே வாட்ஸ்அப்ல ஒரு நிமிஷம் பேசி அனுப்பினா போதும், வயசானவங்க நிறைய பேரு இப்ப அப்படித்தான் விஷயம் தெரிஞ்சுக்கறாங்க.

எல்லாத்தையும் நாமளே புதுசா செய்யணும்னும் இல்ல. சுகாதார அமைச்சு டிங்கி, நீரிழிவு, அப்புறம் கோவிட் சமயத்துலன்னு தமிழ்லயே தாள்கள் போட்டிருக்காங்க, ஆனா நம்ம ஊரு கிளினிக் சுவத்துல அது ஒட்டியிருக்கான்னு பாருங்க. இல்லன்னா அத கேக்கறதுதான் ரொம்ப சுலபமான முதல் வெற்றி, யாரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க.

லெட்டர்

லெட்டர மலாய்ல எழுதுங்க, நல்ல மலாய்ல, ஒரே பக்கத்துல. தமிழ் உதவி கேக்கற லெட்டர் பிழையில்லாத மலாய்ல போனா அதுவே ஒரு விஷயத்த சொல்லிடும், நாம தேசிய மொழிக்கு எதிரா எதுவும் கேக்கலன்னு தனியா விளக்க வேண்டியதில்ல. இடைநிலைப்பள்ளியில மலாய் சொல்லித் தர்ற ஆசிரியர் யாராவது ஒருத்தர் கிட்ட காட்டி திருத்திக்கோங்க, மலாய்க்கார நண்பர் இருந்தா அவரையே கையெழுத்துலயும் சேத்துக்கோங்க.

தலைப்புல என்ன கேக்கறோம்னு நேரா இருக்கணும். முதல் பத்தியில நாம யாரு, எந்த அமைப்பு, ரெண்டாவதுல நோட்டுல இருந்து எடுத்த ரெண்டு மூணு சம்பவம், பேர் இல்லாம. மூணாவதுல கேக்கற விஷயம், ரெண்டுக்கு மேல வேணாம். நாலாவதுல நாம என்ன தர்றோம்: தொண்டர், மொழிபெயர்ப்பு, அச்சடிக்கற செலவு. கடைசியில சந்திக்க நேரம் கேக்கணும். யாருக்கு அனுப்பணும்னா அந்த ஆபிஸோட தலைவருக்கு, ஆஸ்பித்திரின்னா டைரக்டருக்கு, போலீஸ்னா ஸ்டேஷன் தலைவருக்கு. நகல் மாவட்ட அதிகாரிக்கும் சட்டமன்ற உறுப்பினர் சேவை மையத்துக்கும் போகட்டும். நேர்ல போய் குடுத்து, நம்ம கையில இருக்கற நகல்ல வாங்கிக்கிட்டதுக்கு சாப் (ஆபிஸ் முத்திரை) அடிச்சு வாங்கிக்கோங்க, அந்த சாப் இல்லாத லெட்டர் குடுக்காத லெட்டர் மாதிரிதான்.

பதில் வரலன்னா சண்டைக்குப் போகாதீங்க. ஒவ்வொரு அரசாங்க ஆபிஸ்லயும் பியாகாம் பெலாங்கான்னு ஒரு போர்டு மாட்டியிருக்கும், 1993ல இருந்து அரசாங்கம் கொண்டு வந்த ஏற்பாடு அது, எத்தனை நாள்ல என்ன செய்வோம்னு அவங்களே குடுத்த வாக்கு. அத போட்டோ புடிச்சு வச்சுக்கோங்க. ரெண்டாவது லெட்டர்ல "உங்க பியாகாம் பெலாங்கான்ல சொன்னபடி"ன்னு எழுதுங்க. அதுக்கும் அசையலன்னா சிஸ்பான்னு அரசாங்கத்தோட புகார் இணையத்தளம் இருக்கு, அதுல போட்டா ஒரு நம்பர் வரும், அந்த நம்பர வச்சு எங்க நிக்குதுன்னு பாக்கலாம். பிரதமர் துறைக்குக் கீழ 1971ல ஆரம்பிச்ச பொதுப் புகார் பிரிவும் இருக்கு, அது கடைசிப் படி. மின்னல் எப்எம், டிவி2 தமிழ்ச் செய்தி, மக்கள் ஓசை, மலேசிய நண்பன் எல்லாம் நம்ம விஷயத்துக்கு இடம் குடுக்கறவங்கதான், ஆனா முதல் லெட்டர் போறதுக்கு முன்னாடியே பேப்பர்ல போட்டா அந்த அதிகாரி வாயே திறக்க மாட்டாரு. எனக்குத் தெரிஞ்சு பேப்பர நல்லா பயன்படுத்தற வழி வேற: ஏற்பாடு நடந்துச்சுன்னா அந்த ஆபிஸுக்கு நன்றி சொல்லி ஒரு செய்தி போடுங்க. பக்கத்து ஊரு ஆபிஸ் அதப் பாக்கும்.

ஆஸ்பித்திரி, கிளினிக்

இங்க ஒரு விஷயத்துல நான் ரொம்ப கண்டிப்பா இருக்கேன். பிள்ளைங்கள மொழிபெயர்க்க வைக்காதீங்க. பதினோரு வயசுப் பிள்ள அம்மாவோட கர்ப்பப்பை பிரச்சனைய டாக்டர்கிட்ட சொல்லணுமா? அம்மா பாதியை மறைச்சிடுவாங்க, பிள்ளைக்கு மீதி புரியாது, டாக்டர் அரைகுறையா கேட்டு மருந்து எழுதுவாரு. அதுவும் கெட்ட செய்தியா இருந்தா அத முதல்ல தாங்கிக்க வேண்டியது அந்தப் பிள்ளதான். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுட்டு ஆஸ்பித்திரிக்கு வர்ற பிள்ளைங்கள பாத்தா உங்க நோட்டுல எழுதுங்க, லெட்டர்ல முதல் சம்பவமா அதையே வைங்க. அத படிச்சிட்டு இரங்காத டாக்டர் இருக்க மாட்டாரு.

ஆஸ்பித்திரியில யார்கிட்ட போகணும்னு நிறைய பேருக்குத் தெரியாது. அரசாங்க ஆஸ்பத்திரிக்கு லெம்பாகா பெலாவாட்னு ஒரு வாரியம் உண்டு, வெளியில இருந்து நியமிக்கற உறுப்பினர்கள், பொதுமக்களுக்கும் ஆஸ்பித்திரிக்கும் நடுவுல இருக்கறவங்க. கிளினிக் கெசிஹாதானுக்கு, அதாவது அரசாங்க சுகாதார கிளினிக்குக்கு, அதே மாதிரி ஆலோசனைக் குழு இருக்கு. நம்ம ஊர்ல அதுல யாரு இருக்காங்கன்னு விசாரிங்க, தமிழ் தெரிஞ்சவங்க யாரும் இல்லன்னா அடுத்த நியமனத்துக்கு நல்ல ஒரு ஆளோட பேர குடுங்க. தொண்டர்கள் வார்டுல உதவி செய்யறதுக்கு இந்த வாரியம் வழியாப் போனா டைரக்டருக்கும் சுலபம், ஏன்னா யாரோ தெரியாத ஆள உள்ள விட்ட மாதிரி இருக்காது.

தொண்டரா போறவங்களுக்கு சில கட்டுப்பாடு இருக்கணும். சொன்னத சொன்னபடியே சொல்லணும், கூட்டறதோ குறைக்கறதோ கூடாது, "நீங்க இத பண்ணாதீங்கம்மா"ன்னு சொந்த அபிப்பிராயம் சொல்லக் கூடாது, கேட்டத வெளிய பேசக் கூடாது. சின்ன ஊரு, யாரு என்ன வியாதிக்குப் போனாங்கன்னு ஒரு வார்த்தை வெளிய வந்துச்சுன்னா அதுக்கப்புறம் ஒருத்தரும் நம்மள கூப்பிட மாட்டாங்க. ஆபரேஷன் மாதிரி பெரிய விஷயத்துக்கு டாக்டர்கிட்டயே "தமிழ் தெரிஞ்ச டாக்டரோ மிஸ்ஸியோ வந்து சொல்லணும்"னு கேளுங்க, தொண்டர் அங்க வெறும் துணைதான். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி என்ன செய்யப் போறாங்க, என்ன ஆபத்து, செய்யலன்னா என்ன ஆகும்னு மூணும் அந்தம்மா வாயால திருப்பிச் சொல்லணும். சொல்ல முடியலன்னா இன்னும் புரியலன்னு அர்த்தம். யாரு மொழிபெயர்த்தாங்கன்னு நோயாளியோட ஃபைல்ல எழுதச் சொல்லுங்க.

மருந்துக் கவுண்டர்ல கேக்க வேண்டியது சின்ன விஷயம்தான். காலை, மதியம், ராத்திரி, சாப்பாட்டுக்கு முன்னயா பின்னயா, இத படம் போட்டோ தமிழ்லயோ ஒட்டற மாதிரி ஸ்டிக்கர். சர்க்கரை மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும் மாத்தி மாத்திச் சாப்பிட்டவங்க நம்ம பக்கத்துல எத்தனை பேருன்னு கேட்டுப் பாருங்க. இன்னொண்ணு, பெக்கா பி40ன்னு ஒரு திட்டம் 2019ல இருந்து நடக்குது, அரசாங்க உதவித் தொகை வாங்கறவங்களுக்கும் அவங்க கணவன் மனைவிக்கும் 40 வயசு ஆயிருந்தா தனியார் கிளினிக்லயே இலவசமா உடம்பு பரிசோதனை. தகுதி இருந்தும் இது என்னன்னே தெரியாம இருக்கறவங்க இருக்காங்க. இத தமிழ்ல ஒரு தாளா போட்டு கோயில் அறிவிப்புப் பலகையில ஒட்டறதுக்கு யாரு அனுமதியும் வேணாம்.

போலீஸ், கோர்ட்

இங்க நாம சலுகை கேக்கல, நமக்கு வர வேண்டியத கேக்கறோம். வாய்மொழியா ஒருத்தர் போலீஸ்ல புகார் குடுத்தா குற்றவியல் நடைமுறைச் சட்டம் 107வது செக்ஷன்படி அத எழுதி, குடுத்தவருக்குப் படிச்சுக் காட்டணும். ரிப்போர்ட் தாள எடுத்துப் பாருங்க, புகார் குடுத்தவர் விவரம், வாங்கினவர் விவரம், நடுவுல ஜுருபஹாசா விவரம்னு ஒரு இடம் இருக்கும், "ஜிகா அடா"ன்னு போட்டிருக்கும், அதாவது மொழிபெயர்ப்பாளர் இருந்தா அவர் பேரு, கையெழுத்து. அந்த இடம் சும்மா அழகுக்கு இல்ல. தமிழ்ல சொல்லி இன்னொருத்தர் மலாய்ல மாத்தி எழுதினா அவர் பேரு அங்க வரணும், ஏன்னா பின்னாடி கோர்ட்ல "நான் அப்படிச் சொல்லல"ன்னு வந்தா யாரு மாத்திச் சொன்னதுன்னு தெரியணும். நம்ம தொண்டர்களுக்கும் இத சொல்லி வைங்க, பேர் போட பயப்படற ஆளு மொழிபெயர்க்கப் போகக் கூடாது.

வயசானவங்களுக்கு ஒரு வாக்கியத்த மனப்பாடம் பண்ணி வைங்க: "தொலோங் பாச்சாகான் டூலு, சாயா நாக் ஃபாஹாம் பாரு சாயின்." முதல்ல படிச்சுக் காட்டுங்க, புரிஞ்சப்புறம் கையெழுத்துப் போடறேன். மரியாதையாவும் இருக்கு, உறுதியாவும் இருக்கு. வேற எங்கயும் கூட இது உதவும், பேங்க்ல இருந்து சத்தியப் பத்திரத்துக்குக் கையெழுத்துப் போடற பெசுருஹ்ஜாயா சும்பா வரைக்கும்.

கோர்ட்டுல அதே சட்டத்தோட 270வது செக்ஷன்: குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில சாட்சி சொன்னா, அவருக்குப் புரியற மொழியில அத திறந்த கோர்ட்டுலயே மொழிபெயர்த்துச் சொல்லணும். கோர்ட்டுக்குன்னு ஜுருபஹாசா இருக்காங்க, அதுக்கு நாம காசு குடுக்க வேண்டியதில்ல. முதல் தடவை கேஸ் கூப்பிடும்போதே "சாயா பெர்லு ஜுருபஹாசா தமிழ்"னு சொல்லணும். நம்ம பையன்கள் நிறைய பேரு, மலாய் ஓரளவுக்குத் தெரியும்கறதால, வெக்கப்பட்டுகிட்டு "ஃபாஹாம்"னு சொல்லிடறாங்க, அப்புறம் குற்றத்த ஒத்துக்கறேன்னும் சொல்லிடறாங்க, எதுக்கு ஒத்துக்கிட்டோம், எவ்வளவு தண்டனைன்னு ஜெயில் லாரியில ஏறினப்புறம்தான் தெரியுது. 173வது செக்ஷன், ஒத்துக்கறவருக்கு அதோட தன்மையும் விளைவும் புரியுதான்னு கோர்ட் உறுதி பண்ணணும்னு சொல்லுது. பெற்றோர் கூட்டத்துலயும் இளைஞர் மன்றத்துலயும் இத ஒரு மணி நேரம் பேசுங்க, வக்கீல கூப்பிடுங்க. பிடிபட்டவர் வக்கீலோட பேச அரசமைப்புச் சட்டம் 5வது பிரிவு இடம் குடுக்குது, மலேசியக் குடிமக்களுக்குக் குற்ற வழக்குன்னா தேசிய சட்ட உதவி அறநிறுவனம், வைபிஜிகேன்னு சொல்வாங்க, அங்க கேக்கலாம்.

ஜேபிஎன், பெர்கேசோ

பத்திரம் இல்லாத குடும்பம் தோட்டத்துப் பக்கம் இன்னும் இருக்கு. 2011ல நம்ம சமுதாயத்துக்காகவே மைடஃப்தார்னு ஒரு பதிவு இயக்கம் நடத்தினாங்க, பிரச்சனை எவ்வளவு பெருசுன்னு அதுலயே தெரியும். தீபகற்ப மலேசியாவுல பிள்ள பிறந்து 60 நாளுக்குள்ள பதியணும், தாண்டினா தாமதப் பதிவு, அதுக்கு விசாரணை, சாட்சி, கூடுதல் பத்திரம்னு நீளும். 12 வயசுல மைகாட்னு சொல்ற அடையாள அட்டை எடுக்கணும், 18ல அத மாத்தணும். இந்த மூணு தேதிய மட்டும் தமிழ்ல பெருசா எழுதி பாலர் பள்ளியிலயும் தமிழ்ப்பள்ளியிலயும் ஒட்டினாலே எத்தனையோ பிள்ளைங்க தப்பிச்சிடும். தாமதப் பதிவு விசாரணைக்குப் போறவங்க கூட ஒரு ஆளு போயே ஆகணும், அங்க கேக்கற கேள்விக்கு தப்பா ஒரு பதில் சொன்னா வருஷக்கணக்கா இழுக்கும்.

பெர்கேசோ விஷயத்துல பிரச்சனை ஆபிஸுக்கு வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுது. செம்பனை மட்டை விழுந்து அடிபட்டா முதலாளி 48 மணி நேரத்துக்குள்ள பெர்கேசோவுக்குத் தெரிவிக்கணும். அந்த அறிக்கையில எப்படி அடிபட்டுச்சுன்னு எழுதறது தோட்ட ஆபிஸ் ஆளு. வேலை நேரத்துலயா, எந்த இடத்துல, என்ன செஞ்சுகிட்டு இருந்தப்போன்னு அடிபட்டவர்கிட்ட அவருக்குப் புரியற மொழியில கேட்டு எழுதணும், நகல் அவருக்கு வேணும். தொழிற்சங்க ஆளுங்க இத தோட்ட நிர்வாகத்துகிட்ட பேசி வழக்கமா ஆக்கலாம், இதுக்கு அரசாங்கத்துகிட்ட போக வேண்டியதே இல்ல.

ஆன்லைன் பத்தி சுருக்கமா. இப்ப உதவித் தொகைக்குக் கூட போன்லதான் போடணும். ஊர்ல நாடின்னு அரசாங்கத்தோட இணைய மையம் இருந்தா அங்க இணையம் இருக்கு, ஊழியர் இருக்காங்க, மாசத்துல ஒரு சனிக்கிழமை தமிழ்ல பாரம் பூர்த்தி பண்ற நாள்னு அவங்களோட சேர்ந்து வைங்க. பாரத்துக்கு காசு வாங்கற ரன்னர்கள் கிட்ட நம்ம ஆளுங்க மாட்டறது அங்கதான் குறையும். நம்ம தொண்டர்களும் ஒரு வெள்ளி கூட வாங்கக் கூடாது, டீ காசு கூட வேணாம். பெட்ரோல் செலவ கோயிலோ கூட்டுறவோ குடுக்கட்டும்.

மத்தவங்களையும் சேத்துக்கோங்க

நம்ம தோட்டத்துல இப்ப மட்டை வெட்டறது யாரு? நேபாளி, வங்காளதேசி, இந்தோனேசியர். பக்கத்து மலையில தெமியார்னு பழங்குடி ஜனங்க இருக்காங்க, அதே ஆஸ்பித்திரிக்குத்தான் வர்றாங்க. காது கேக்காதவங்களுக்கு மலேசிய சைகை மொழிய 2008ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் சட்டம் ஏத்துக்கிட்டிருக்கு, ஆனா கவுண்டர்ல அது தெரிஞ்சவர் யாரு? கம்பத்து வயசான மலாய்க்காரங்களுக்கே ஆபிஸ் பாரத்தோட மலாய் கஷ்டம்தான். அதனால லெட்டர்ல தமிழோட சேத்து "எளிமையான மலாய்ல விளக்கம், பெரிய எழுத்து, படம்"னும் கேளுங்க. சூராவ் (சின்னப் பள்ளிவாசல்) கமிட்டியும் தோக்கோங்கும் (சீனக் கோயிலும்) நம்ம கோயிலும் சேர்ந்து ஒரே லெட்டர்ல கையெழுத்துப் போட்டா அத எந்த அதிகாரியும் ஒரு இனத்தோட கோரிக்கைன்னு ஒதுக்கி வைக்க மாட்டாரு. இது தந்திரத்துக்காக சொல்லல, அவங்க படற கஷ்டமும் அதே கஷ்டம்தான்.

கடைசியா, ஏற்பாடு நடந்தப்புறம் அத காப்பாத்தறது. அரசாங்க அதிகாரிங்க மாத்தலாகிப் போவாங்க, அவர் கூடவே அவர் குடுத்த வாக்கும் போயிடும். வாய்ப்பேச்சுல முடிஞ்சது எதையும் நம்பாதீங்க, கூட்டத்துல என்ன முடிவாச்சுன்னு அன்னைக்கே ஒரு லெட்டரா எழுதி "இப்படித்தான் பேசினோம், நன்றி"ன்னு அனுப்பி சாப் வாங்குங்க. நோட்டு, லெட்டர் நகல், அச்சடிச்ச தாள், தொண்டர் பட்டியல் எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல போட்டு யாரோட வீட்லயும் வைக்காம பள்ளிக்கூடத்துலயோ கோயில் ஆபிஸ்லயோ வைங்க. புது அதிகாரி வந்தார்னு தெரிஞ்ச முதல் மாசத்துலயே அந்த ஃபைலோட போய் பாருங்க, போகும்போது பழைய ஆளுங்களோட புதுசா ரெண்டு இளசுங்களையும் கூட்டிட்டுப் போங்க, அடுத்த அதிகாரி வரும்போது அவங்க போகணும்ல.